சாயங்காலம் களவு போகும் கிளிமீன்

ஏணிய அங்கன சாத்தாதீங்க தம்பி. இங்கன, இந்தப் பக்கம். ரோட்டப் பாத்து. எங்க ஜெனிஸ்டன் மஸ்கட்ல இருந்து உங்க கடைக்குப் போன் பண்ணி, வீட்டு வாசல் முத்தத்தப் பாத்து வையுங்க, அந்த மீன்பெட்டி நல்லா தெரியணும்னுதான் சொல்லியிருப்பான். எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா பெட்டி இருக்கது என் முத்தத்துல, கேமரா மாட்டுற சுவரு என் சுவரு, உங்களுக்குக் காப்பி போட்டுத் தரப் போறவளும் நான். அதனால ரோட்டப் பாத்து வையுங்க.

என்ன முழிக்கீங்க? அந்தத் தொளை போடுற மிசினக் கீழ வச்சிட்டு, இந்தக் கல்லு அடுக்கி வச்சிருக்கு பாருங்க, இதுல உக்காருங்க. காரணம் இல்லாம நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். இந்தக் கடற்கரைத் துறையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, தெக்லா வாயத் தொறந்தா அதுல ஒரு நியாயம் இருக்கும்னு. யாரக் கேட்டாலும்னா, அடுத்த வீட்டுல மட்டும் கேக்காதீங்க.

அடுத்த வீட்டுல இருக்கது விரோணி. என் கொழுந்தன் பொண்டாட்டி. ரெண்டு வீட்டுக்கும் ஒரே முத்தம். பாத்தீங்கல்ல, நடுவுல ஒரு மதிலு கிடையாது, வேலி கிடையாது. கொழுந்தன் போய்ச் சேர்ந்துட்டாரு. தங்கமான மனுசன், பல்லு மட்டும் கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும். ஒரே மக, அவளையும் ஈஸ்டருக்கு முன்னாடி கொளச்சல்ல கெட்டிக் குடுத்தாச்சு. இப்ப அந்த வீட்டுல விரோணியும் ஒரு ஆடும்தான். ஆடு நல்ல ஆடு. விரோணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அடுத்தவங்களப் பத்திப் பேசுற பழக்கமே கிடையாது.

முதல்ல நீங்க மீனப் பாருங்க. கிட்டப் போய்ப் பாருங்க, பயப்படாதீங்க. கல்லுக்குப் பின்னால நிக்கி பாருங்க, பச்சையா, மூஞ்சியில ரோஸ் கலருல கோடு போட்டு. விரல் நீளம்தான் இருக்கும். நம்மள ஒரு கண்ணால பாத்துக்கிட்டு, இன்னொரு கண்ணால நத்தையத் தேடும். நாங்க கிளிமீன்னு சொல்லுவோம். நாகர்கோவில் சந்தையில கிளிமீன்னு செவப்பா ஒண்ணு விப்பாங்க, அது வேற சாதி, அதோட இதக் குழப்பிக்கிடாதீங்க. இது பாறையோட ஒட்டிக் கெடக்குற கிளி. வலைக்காரன் இத மீனாவே மதிக்க மாட்டான். குழம்பு வச்சா முள்ளும் வழுவழுப்பும்தான். பூனைக்குப் போட்டா மோந்து பாத்துட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும். ஆனா அழகு. நீந்துறத மட்டும் கவனிங்க. வால ஆட்டாது. பக்கத்துச் செட்டை ரெண்டையும் துடுப்புப் போடுற மாதிரி போட்டுத்தான் போகும். வாலு சும்மா பின்னால வரும், எங்க ஜெனிஸ்டன் பள்ளிக்கூடம் போன மாதிரி.

இது எங்க வீட்டுக்காரரு கொண்டு வந்தது. வள்ளம் ஏறிக் கடலுக்குப் போறத விட்ட பொறவு அவரு தூண்டில எடுத்துக்கிட்டுப் பாறையில போயி உக்காந்துக்கிடுவாரு. வீட்டுல இருந்தா நான் பேசுவேன்னு ஒரு பயம். சாயங்காலம் வரும்போது கையில குழம்புக்கு ஆகுற மாதிரி ஒண்ணும் இருக்காது. ஆனா அன்னைக்கு மத்தியானமே ஒரு பிளாஸ்டிக் வாளியில தண்ணியோட இதக் கொண்டு வந்தாரு. "உனக்குத்தாம்டி"ன்னாரு. தம்பி, கல்யாணம் கெட்டுன நாள்ல இருந்து அந்த மனுசன் எனக்குன்னு ஒரு சாமானக் கையில கொண்டு வந்தது கிடையாது. சேலை எடுத்தாக்கூட, போயி எடுத்துக்கன்னு சொல்லுற ஆளு. எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு ஏசிட்டேன். ஏசிட்டு உள்ள போயி அழுதேன்.

அதுக்கப்பறம் பழைய ஐஸ் பெட்டியக் கழுவி, கடல்தண்ணி ஊத்தி, அழகுக்குக் கடற்கரை மண்ண நல்லா கனமா பரப்பி, ரெண்டு பாறைக்கல்லும் வச்சேன். குமிழி விடுற மோட்டாரு அவரு போயி வாங்கிட்டு வந்தாரு. மேல வலைத்துண்டு போட்டு மூடி, நாலு மூலைக்கும் கல்லு வச்சேன். காக்காய்க்கும் பூனைக்கும் பயந்து. மனுசருக்குப் பயந்து ஒண்ணும் வைக்கல. அங்கதான் ஏமாந்தேன்.

சாயங்காலம் கோயில்ல திரிகால மணி அடிச்சுது. நான் உள்ள போயி விளக்கப் போட்டு, ஜெபத்தச் சொல்லிட்டு வந்து பாக்கேன், மீனக் காணோம்.

பெட்டியச் சுத்திப் பாத்தேன். கல்லத் தூக்கிப் பாத்தேன். வலைத்துண்டு போட்ட மாதிரியே இருக்கு. நாலு கல்லும் வச்ச எடத்துல இருக்கு. பூனை எடுத்தா கல்லத் திருப்பி வச்சிட்டா போகும்? அப்ப கை உள்ளவங்கதான எடுத்திருக்கணும்? எங்க வீட்டுக்காரரு உள்ள ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் ஜெபத்துல இருக்கேன். கை உள்ளவ வேற யாரு இந்த முத்தத்துல? நீங்களே சொல்லுங்க. நான் யாரையும் சந்தேகப்படுற ஆளு இல்ல. கணக்குப் பாத்தா அப்படித்தான் வருது.

அவரு ரேடியோவ நிப்பாட்டாமலே சொல்லுதாரு, "ஏட்டி, அது பொழுது சாஞ்சா மண்ணுக்குள்ள பொதஞ்சு ஒறங்குற சாதி. சிப்பி எடுக்க முங்குற பையமாரு எல்லாம் பாத்திருக்கானுவ. இருட்டுன பொறவு ஒரு கிளியாவது என் தூண்டில்ல கடிச்சிருக்கா? சாயங்காலம் ஆனா அது கடைய அடைச்சிரும்."

நான் கேட்டேன், மீனு போயி மண்ணுக்குள்ள ஒறங்குமா? மூச்சு முட்டாதா? கண்ணுல மண்ணு விழாதா? தன் தம்பி பொண்டாட்டிய விட்டுக் குடுக்க அவருக்கு மனசு இல்ல, அதுக்கு ஒரு கத. நல்லா சிரிங்க தம்பி, அந்தக் கதைக்குச் சிரிக்காம என்ன செய்ய? எனக்கும் அப்படித்தான் சிரிப்பு வந்துது.

மறுநாள் காலையில வெயிலு ஏறுன பொறவு பாத்தா, மீனு பெட்டியில இருக்கு. ஒண்ணும் நடக்காத மாதிரி செட்டையப் போட்டுக்கிட்டுப் போகுது. எனக்குப் புரிஞ்சு போச்சு. ராத்திரி பூரா மனசாட்சி குத்தியிருக்கு, விடியுமுன்ன கொண்டு வந்து விட்டுட்டா. சரி, திருந்திட்டான்னு நெனச்சேன். அந்தோணியாருக்கு நேர்ந்த மெழுகுதிரியையும் கொண்டு போயி ஏத்திட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் திரும்பவும் மீனக் காணோம். காலையில திரும்பவும் இருக்கு. தெனமும் இதே கத. தெனமும் காணாமப் போற சாமானக் கண்டுபிடிச்சுக் குடுக்க அந்தோணியாரு என்ன நம்ம வீட்டுல சம்பளத்துக்கா இருக்காரு? மெழுகுதிரிய நிப்பாட்டிட்டேன்.

நேரா போயிக் கேக்க வேண்டியதுதானன்னு நீங்க நெனைப்பீங்க. எப்படிக் கேக்க? நாங்க பேசுறதில்ல. அவ மகளும் மருமகனும் முதல் தடவ விருந்துக்கு வந்தப்ப, பெத்தவ வைக்காத குழம்ப நான் போயி வச்சுக் குடுத்தேன். கணவாயும் வாளமீனும். வேர்த்து ஒழுக ஒழுக வச்சேன். அந்த விரோணி ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்துட்டு, புது மாப்பிள்ளைக்கு முன்னாடி வச்சு, "அக்கா, புளி கொஞ்சம் தூக்கலா இருக்கே"ன்னா. மாப்பிள்ளைக்கு முன்னாடி! அந்தப் பையன் திரும்பத் திரும்ப வாங்கித் தின்னான் தம்பி. புளி கூடுனதயா ஒருத்தன் திரும்பத் திரும்ப வாங்கித் திம்பான்? நான் கரண்டிய வச்சிட்டு வந்துட்டேன். அன்னையில இருந்து பேச்சு கெடையாது.

ஆனா பேச்சு இல்லேன்னா பேசாம இருக்கோம்னு அர்த்தமில்ல. ஜாடைக்குப் பேசுவோம். உங்க ஊருல உண்டுமா? எங்கிட்ட ஒரு கோழி நின்னுது. அவகிட்ட ஆடு. அவளுக்குச் சொல்ல வேண்டியத நான் கோழிக்குச் சொல்லுவேன். எனக்குச் சொல்ல வேண்டியத அவ ஆட்டுக்குச் சொல்லுவா. "ஏ கோழி, அடுத்த வீட்டுத் துணி மழையில நனையுது, எடுக்க ஆளு இல்லாமலா போச்சு?"ன்னு நான் கோழிய ஏசுனா, அவ ஓடி வந்து துணிய எடுத்துக்கிடுவா. "ஏ ஆடே, ரேசன் கடையில இன்னைக்குப் பாமாயில் போடுதாங்க, நீயெல்லாம் எப்பக் கேக்கப் போற"ன்னு அவ சொன்னா, நான் கார்டத் தூக்கிட்டு ஓடுவேன். அப்படி ஒரு குறையும் இல்லாமப் போய்க்கிட்டுத்தான் இருந்துது.

மீனு விசயமும் கோழியிலதான் ஆரம்பிச்சேன். முத்தத்துல நின்னுக்கிட்டு, "ஏ களவாணிக் கோழி, அடுத்தவன் பெட்டியில கைய விடுதியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"ன்னேன். கோழி பாவம், குப்பையக் கிண்டிக்கிட்டு இருந்துது. அவ வாசலுக்கு வந்து ஆட்டப் பாத்து, "ஏ ஆடே, நீ எதுல கைய விட்ட?"ன்னா. நான், "சாயங்காலம் எடுத்து, காலையில வைக்கிற கோழிய நான் இந்தத் துறையிலயே கண்டதில்ல"ன்னேன். அவ கொஞ்ச நேரம் பெட்டியப் பாத்தா. எங்க வீட்டுக்காரரையும் பாத்தா. பொறவு ஆட்டுக் காதப் பிடிச்சுக்கிட்டுச் சத்தமா சொல்லுதா, "ஏ ஆடே, கண்ணு இருந்தா மண்ணப் பாக்கச் சொல்லு. மண்ணக் கிளறிப் பாத்தா தெரியும்."

தம்பி, எங்க துறையில ஒருத்தி வாயில மண்ணுன்னு வந்தா அது சாபம். வயிறெரிஞ்சு ஒரு பிடி மண்ண அள்ளித் தூத்திட்டா, அந்த வீட்டுல அடுப்பு எரியாதுன்னு சொல்லுவாங்க. ஒரு விரல் நீள மீனுக்கு, கூடப்பொறந்தவ மாதிரி வச்சிருந்த என்னப் பாத்து மண்ணுங்கிறா! அவ சொன்னது பெட்டியில கெடக்குற மண்ணையாம். இது அவரு சொல்லுத வியாக்கியானம். மண்ணுல எந்த மண்ணுன்னு சாபம் விடுறவ சொல்லிக்கிட்டா விடுவா?

அன்னையில இருந்து கோழிகிட்டயும் பேசுறத நிப்பாட்டிட்டேன். கோழிக்கே ஒரு மாதிரியாப் போச்சு.

நான் சும்மா விடல. ஒருநாள் மணி அடிச்சும் ஜெபத்துக்குப் போகாம, மாதாவே மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டு, பெட்டிக்குப் பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்காந்தேன். மீனு கல்லுக்குப் பக்கத்துல நின்னுது. கோழி கூட்டுல அடையாம அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுச்சு, ஒரு தடவ அதத் திரும்பிப் பாத்தேன். அவ்வளவுதான். இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள மீனு போயிட்டு! தண்ணி மட்டும் கொஞ்சம் கலங்கி இருந்துது. அப்படி ஒரு கைவேகம் அவளுக்கு.

இதுல என்ன விசேசம்னா, அன்னைக்கு அவ ஊருலயே இல்ல. மக வீட்டுக்குக் கொளச்சலுக்குப் போயிருந்தா. அங்கன இருந்து எப்படி எடுத்தான்னு கேக்கீங்களா? நானும் அதத்தான் யோசிச்சேன். யாரையாவது வச்சு எடுத்து, பஸ்ஸுல குடுத்து விட்டிருப்பா. முடியாதுன்னு சொல்ல முடியுமா?

அந்த வாரமே ஜெனிஸ்டனுக்குப் போன் போட்டேன். முத்தத்துல மதிலு வையுன்னு சொன்னேன். அவன் அந்த மாதிரி காரியம்னா உடனே செஞ்சிருவான். ஒரு லோடு சிமெண்டுக் கல்லு வந்து எறங்கிட்டு. நீங்க உக்காந்திருக்கது அந்தக் கல்லுதான். லாரிக்காரன் கல்ல அடுக்கும்போது விரோணி வாசல்ல வந்து நின்னா. ஆட்டுகிட்டகூட ஒண்ணும் சொல்லல. சும்மா நின்னுக்கிட்டு, கல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதப் பாத்துக்கிட்டே இருந்தா. எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கணும். ஆனா சோறு எறங்கல. வெயிலு அதிகம் அன்னைக்கு.

சாயங்காலம் மணி அடிச்சு நான் வெளிய வாறேன், அவ முத்தத்தத் தாண்டி என் வாசப்படிக்கு வந்துட்டா. எத்தனையோ மாசத்துக்குப் பொறவு நேரா என் மூஞ்சியப் பாத்து, "தெக்லாக்கா, மீன நான்தான் எடுத்தேன்"ன்னா.

இத்தன நாளா அதக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன். எதுக்குட்டி எடுத்தன்னு கேட்டேன். அவ கல்லு அடுக்கி வச்சிருக்கத ஒரு தடவ பாத்துட்டுச் சொன்னா. "ராத்திரியானா வீட்டுல ஒரு அனக்கம் இல்லக்கா. அவரும் போயிட்டாரு, பிள்ளையும் போயிட்டா. சுவருதான் நிக்கி. அந்த மீனு தண்ணிய அளையுற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தா, பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு தோணும். அதுதான் எடுத்தேன். மதிலு மட்டும் வைக்காதீங்க."

தம்பி, நான் கல்லு மனசுக்காரி இல்ல. என் நெஞ்சு வெந்து போச்சு. கையெட்டுற தூரத்துல நான் இருக்கேன், எங்க வீட்டுக்காரரு கொறட்ட விட்டா கொளச்சல் வரைக்கும் கேக்கும், இவ ஒரு மீனத் துணைக்கு வச்சுக்கிட்டுப் படுத்துருக்கா! நான் ஏசத்தான் செஞ்சேன். ஒனக்கு அனக்கம் வேணும்னா என்னக் கூப்பிட்டாப் போதாதா, ராத்திரி பூரா பேசுவனே, எதுக்கு என் மீனக் களவாங்குதன்னு ஏசுனேன். ஏசிக்கிட்டே அழுதேன். அவளும் அழுதா. அழுதுக்கிட்டே, "அந்தக் குழம்புல புளி சரியாத்தான் இருந்துதுக்கா"ன்னா. அத முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

பொறவு நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். எனக்குத் தெரியாம எடுத்தாத்தான களவு? இனிமே சொல்லிட்டு எடுத்துக்க. சாயங்காலம் கொண்டு போ, காலையில கொண்டு வந்து விட்டுரு. பகலுக்கு எனக்கு, ராத்திரிக்கு ஒனக்கு. எங்க வீட்டுக்காரரு உள்ள இருந்து வந்து என்னையும் பாத்தாரு, அவளையும் பாத்தாரு. பெட்டியையும் பாத்தாரு. அவருக்குச் சிரிப்பு அடக்க முடியல. சந்தோசம் பொறுக்காமச் சிரிக்காருன்னு விட்டுட்டேன்.

அதுல இருந்து தெனமும் மணி அடிக்கதுக்கு முன்னாடி மூடி போட்ட ஒரு தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு வருவா. உக்காந்து காப்பி குடிப்பா. அவ மக கதை, என் மவன் கதை, எல்லாம் பேசுவோம். ஜெபத்தயும் சேந்தே சொல்லுவோம். பொறவு பெட்டிகிட்டப் போயி எடுத்து, வாளிய மூடிக்கிட்டுப் போவா. காலையில வருவா, தண்ணிய ஊத்துற சத்தம் கேக்கும். கொஞ்ச நேரத்துல போய்ப் பாத்தா மீனு இருக்கும். காலையிலயும் ஒரு காப்பி.

வாளியத் தொறந்து பாத்தீங்களான்னு கேக்காதீங்க. ஒருத்தருக்குக் குடுத்தத மூடியத் தொறந்து சரிபாக்குறது மரியாதையா? ஒருநாள் மட்டும் கொஞ்சம் வெள்ளனமே வந்து ஊத்திட்டா. போய்ப் பாக்கேன், மீனு இல்ல. அவ மூஞ்சி ஒரு மாதிரியாப் போச்சு. "வாளிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும்க்கா"ன்னு சொல்லி, காலி வாளியத் தட்டுதா, தட்டுதா. நான் காப்பி போடுற மாதிரி உள்ள போயிட்டேன். வெயிலு வந்த பொறவு பாத்தா மீனு இருக்கு. வீட்டுல மறந்து வச்சிட்டு வந்திருப்பா, நைசா கொண்டு வந்து விட்டுட்டா. வயசாகுதுல்லா அவளுக்கும்.

எங்க வீட்டுக்காரருதான் பொறுக்க மாட்டேங்காரு. போன வாரம் ஒருநாள் பொழுதடைஞ்ச நேரம், ஒரு குச்சிய எடுத்துக்கிட்டு, "வா, ஒனக்கு மண்ணக் கிளறிக் காட்டுதேன், இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கெட்டுவோம்"னு பெட்டிகிட்ட வந்துட்டாரு. நான் அந்தக் குச்சியப் பிடுங்கி ஒடிச்சு அடுப்புல வச்சிட்டேன். ஏன்னு கேட்டாரு. அவருகிட்டச் சொல்லாதத உங்ககிட்டச் சொல்லுதேன். மண்ணக் கிளறி, அங்கன அது இருந்துட்டுன்னு வையுங்க. பொறவு அவ எதச் சொல்லிக்கிட்டுச் சாயங்காலம் இந்த முத்தத்துக்கு வருவா? அவளுக்கு ரோசம் அதிகம் தம்பி. சும்மா வான்னா வர மாட்டா. எனக்கும் சும்மா வான்னு கூப்பிட வாய் வராது.

இருக்காது, விடுங்க. மீனு மண்ணுக்குள்ள ஒறங்குமா? மூச்சு முட்டாதா?

இப்பப் புரியுதா, ஏணிய எதுக்கு அங்கன சாத்தாதீங்கன்னு சொன்னேன்னு? ஆரம்பத்துல கோவத்துல நான் ஜெனிஸ்டன்கிட்ட, தெனமும் களவு போகுதுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். மதிலு வேண்டாம்னு சொன்னதும், அப்ப கேமரா வைக்கேன், போன்லயே பாத்துக்கிடுவேன்னு நிக்கான். அவன் அங்க இருந்துக்கிட்டு இந்தப் பெட்டியப் பாத்தான்னா என்ன ஆகும்? எதப் பாத்தாலும் குத்தம்தான். அவ எடுக்கதப் பாத்தான்னா, சித்தி களவாங்குதான்னு மதில வச்சிருவான். எடுக்கலேன்னு பாத்தான்னா... பாத்தான்னா அதயும் போன் போட்டுச் சத்தமாத்தான் சொல்லுவான். அவனுக்கு எதயும் மெள்ளச் சொல்லத் தெரியாது, என் பிள்ளதான.

உங்கள நான் பொய் சொல்லச் சொல்லல. முத்தம் மேற்கப் பாத்து இருக்கு. சாயங்காலம் கடல்ல இருந்து வெயிலு நேரா கேமரா கண்ணுல அடிக்கும், படம் ஒண்ணும் தெரியாது, அதனால ரோட்டப் பாத்து வச்சேன்னு சொல்லுங்க. அது உண்மைதான? பாருங்க, இப்பவே உங்க மூஞ்சியில எப்படி அடிக்குது. நல்ல கலரு நீங்க, எதுக்குக் கறுக்கணும்? ரோட்டப் பாத்து வச்சா உங்களுக்கும் நெழலு.

இன்னும் என்ன யோசிக்கீங்க? உங்க வீட்டுல பெரியம்மை சின்னம்மை இருக்காங்களா? பேசிக்கிடுதாங்களா? அப்ப உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

அந்தா, மணி அடிக்கப் போகுது. அவ கதவுச் சத்தம் கேட்டுது பாருங்க. இப்ப நான் என்ன செய்வேன்னா, ஸ்டூல இந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டு, ரோட்டப் பாத்து உக்காந்துக்கிடுவேன். தெனமும் அப்படித்தான். எடுக்கும்போது நாம பாத்துக்கிட்டு நின்னா அவளுக்கு ஒரு மாதிரியா இருக்கும். நீங்களும் திரும்புங்க.

திரும்புங்கன்னு சொல்லுதேன், நீங்க எதுக்குப் பெட்டியவே பாத்துக்கிட்டு நிக்கீங்க? என்னத்தக் கண்டீங்க? கைய எதுக்கு நீட்டுதீங்க? வாய மூடுங்க தம்பி. நீங்க கண்டது உங்களோட இருக்கட்டும். எனக்குச் சொன்னீங்கன்னா காப்பி கெடையாது. கண்ணத் தொடச்சிக்கிட்டு இந்தப் பக்கம் பாருங்க, அங்கன பஸ்ஸு போகுது, அதப் பாருங்க.

வா விரோணி, வா. இது கேமரா மாட்ட வந்த தம்பி. தக்கலையாம். ரோட்டப் பாத்துத்தான் மாட்டப் போறாரு, நீ பயப்படாத. கோயில் பக்கம் மழை வருமா? காப்பி போட்டு வச்சிருக்கேன், இவருக்கும் சேத்து. சீனி போதுமான்னு பாரு, கூடுனாலும் கொறஞ்சாலும் எங்கிட்ட மட்டும் சொல்லு. போ, முதல்ல ஒன் வேலையப் பாரு. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பாக்கல.

எடுத்துட்டியா?

சரி. வாளிய நல்லா இறுக்கி மூடு பிள்ளே, துள்ளிக் கீழ விழுந்திரப் போகுது.